கூட்டணி ஒப்பந்தத்தில் தொழிலாளி எங்கே?

2022 நவம்பர் 19, சனிக்கிழமை. நாட்டின் 15-ஆவது பொதுத் தேர்தல் நடந்து முடிந்த இரவு. தோட்டத்து லயங்களிலும் பட்டணத்து அடுக்கு வீடுகளிலும் நம் மக்கள் வெகு நேரம் கண் விழித்திருந்தார்கள். திங்கட்கிழமை விடியற்காலையில் பெரட்டுக்குப் போனவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: "யாரப்பா சர்க்கார் அமைக்கப் போவது?" கங்காணிக்கும் தெரியாது; கிராணிக்கும் தெரியாது. ஓட்டு வாங்கி ஜெயித்த தலைவர்களுக்கே தெரியாது. செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. வியாழக்கிழமை, நவம்பர் 24-ந் தேதி மாலையில்தான் நாட்டுக்கு ஒரு பிரதம மந்திரி கிடைத்தார்.

அந்த ஐந்து நாட்களில் நடந்தவற்றைத் தொழிலாளி ஒவ்வொருவனும், ஒவ்வொரு தாயும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. "பால்வாளி தூக்குகிறவனுக்கு அரண்மனைக் கதை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நம் ஓட்டுக்கு விலை நிர்ணயம் ஆனது அந்த ஐந்து நாட்களில்தான். ஓட்டுப் பெட்டியின் முன்னால் நாம் நின்றது ஐந்து நிமிஷம். அதற்குப் பிறகு பேரம் நடந்தது ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் நாம் அங்கே இல்லை. இதுவே இன்றைய தலையங்கத்தின் பொருள்.

கணக்கு

முதலில் கணக்கைப் பார்ப்போம். பார்லிமெண்டில் மொத்தம் 222 ஸ்தானங்கள். சர்க்கார் அமைக்க 112 பேர் வேண்டும். பக்காத்தான் ஹராப்பானும் அதன் தோழமைக் கட்சியான மூடாவும் சேர்ந்து பெற்றவை 82. பெரிக்காத்தான் நேஷனல் 74. பாரிசான் நேஷனல் 30. சரவாக் கட்சிகளின் கூட்டணி 23. சபா மக்கள் கூட்டணி 6. மிச்சமிருந்த 7 ஸ்தானங்கள் சிறு கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் போயின. (அபேட்சகரின் மரணத்தால் தள்ளி வைக்கப்பட்டு டிசம்பர் 7-ல் தேர்தல் நடந்த பாடாங் செராயும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே.) எவரிடமும் 112 இல்லை. சுதந்திரம் அடைந்த நாளிலிருந்து இப்படி ஒரு தொங்கு பார்லிமெண்டை நாடு கண்டதில்லை.

அரசியல் சட்டத்தின் 43-ஆவது விதி என்ன சொல்லுகிறது? மக்கள் சபை அங்கத்தினர்களில் பெரும்பாலோரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று மாமன்னர் கருதுகிறவரே பிரதம மந்திரியாக நியமிக்கப்பட வேண்டும். அதிக ஸ்தானம் பெற்றவர் என்று அதில் இல்லை. அதிக ஓட்டு வாங்கியவர் என்றும் இல்லை. ஆகவே, யாருக்கு யார் ஆதரவு என்று சத்தியப் பிரமாணத்தோடு எழுதித் தரும்படி அரண்மனை கேட்டது. திங்கட்கிழமை பிற்பகல் 2 மணி என்று வைத்த கெடு, செவ்வாய்க்கிழமை 2 மணிக்கு நீட்டிக்கப்பட்டது. செவ்வாயன்று மாமன்னர் சுல்தான் அப்துல்லா அவர்கள் அன்வார் இப்ராஹிமையும் முகிதீன் யாசினையும் அழைத்து, இருவரும் சேர்ந்து ஆளக் கூடாதா என்று கேட்டார். முகிதீன் அதற்கு இணங்கவில்லை. எவரையும் ஆதரிப்பதில்லை என்று முதலில் நின்ற பாரிசான், பிறகு மனம் மாறி ஐக்கிய அரசாங்கத்தில் சேர இசைந்தது. வியாழனன்று மலாய் ஆட்சியாளர்களைக் கலந்த பின் மாமன்னர் அன்வாரைப் பத்தாவது பிரதம மந்திரியாக நியமித்தார்.

தேர்தல் மேடையில் ஒருவரையொருவர் ஊழல்காரர் என்றும் துரோகி என்றும் ஏசிக்கொண்டவர்கள், ஒரே வாரத்தில் ஒரே மேஜையில் அமர்ந்தார்கள். "இது என்ன கூத்து?" என்று நம்மில் பலர் முகம் சுளித்தார்கள். சுளிப்பதற்கு நியாயம் உண்டு. ஆனால் சுளித்துவிட்டு நின்றுவிடுவதில் லாபம் ஒன்றுமில்லை.

கூட்டுச் சேர்வது குற்றமா?

கூட்டுச் சேர்வதே குற்றம் என்று நாம் சொல்ல மாட்டோம். சொல்ல நமக்கு யோக்கியதையும் இல்லை. நாமே ஒரு கூட்டுத்தானே! ஒரு காலத்தில் மாநிலத்துக்கு ஒரு சங்கம், வட்டாரத்துக்கு ஒரு சங்கம் என்று தோட்டத் தொழிலாளர் பிரிந்து கிடந்தார்கள். ஒரு சங்கம் கூலி கேட்டால் இன்னொரு சங்கத்தைக் காட்டி முதலாளி தப்பித்துக்கொண்டார். 1954-ல் அவை ஒன்றாகக் கலந்து தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கமாக உருவான பிறகே, முதலாளிமார் சங்கம் நமக்குச் சரிசமமாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்தது. வேறு வேறு மனிதர்கள் ஒரே கோரிக்கைக்காகச் சேர்ந்தால் அதன் பெயர் பலம். கோரிக்கை எதுவுமின்றிப் பதவிக்காக மட்டும் சேர்ந்தால் அதன் பெயர் வேறு.

நாட்டின் கதையும் அதுதான். 1955 ஜூலை 27-ல் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தல் முதல் இன்றுவரை, ஒரே கட்சி தனியாக ஆண்ட நாள் இந்நாட்டில் இல்லை. அன்று அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. மூன்றும் சேர்ந்த கூட்டணி, 52 ஸ்தானங்களில் 51-ஐ வென்றது. ஆனால் அன்றைய கூட்டுக்கும் 2022-ன் கூட்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று பேரம் ஓட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. அம்னோவுக்கு 35, ம.சீ.ச.வுக்கு 15, ம.இ.கா.வுக்கு 2 என்று ஸ்தானங்களைப் பங்கு போட்டுக்கொண்டு ஜனங்களிடம் வந்தார்கள். இதுதான் சரக்கு, இஷ்டமிருந்தால் வாங்கிக்கொள் என்றார்கள். 2022-ல் ஓட்டை முதலில் வாங்கிக்கொண்டு, சரக்கைப் பிறகு கலந்தார்கள்.

1955-ல் நம் நிலை என்ன? பதிவு பெற்ற ஓட்டர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர். இந்தியர் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலிருந்தும், பிரஜா உரிமை இல்லாததால் பெரும்பாலான பால்மரத் தொழிலாளிகள் வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆனாலும் ஒன்று இருந்தது. அன்றைய 98 பேர் கொண்ட சட்டசபையில், தேர்ந்தெடுக்கப்பட்ட 52 பேர் நீங்கலாக மற்றவர்களில், வர்த்தகம், சுரங்கம், தோட்ட முதலாளிகள் ஆகியோரின் பிரதிநிதிகளோடு தொழிற்சங்கங்களின் பிரதிநிதிகளும் நியமனம் பெற்றார்கள். அதாவது, பேரம் நடக்கும் அறையில் "தொழிலாளர்" என்று பெயர் எழுதிய நாற்காலி ஒன்று போடப்பட்டிருந்தது. 1959-ல் மக்கள் சபையின் 104 ஸ்தானங்களும் தேர்தலுக்கு வந்தபோது அந்த நாற்காலி போயிற்று. ஜனநாயகத்துக்கு அது நல்லதே. ஆனால் அதன் பிறகு தொழிலாளி அந்த அறைக்குள் நுழைய வேண்டுமானால், அவனுக்கு வழி ஓட்டு ஒன்றுதான். இதை நாம் முழுமையாக உணர்ந்தோமா?

எழுத்தில் உள்ளதே செல்லும்

2018 மே 9-ல் நடந்த தேர்தலைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அறுபது ஆண்டுக்கு மேல் ஆண்ட கூட்டணியை ஜனங்கள் ஓட்டால் இறக்கினார்கள். ஆனால் 22 மாதம்கூட அந்தப் புது அரசாங்கம் நிற்கவில்லை. 2020 பிப்ரவரி இறுதியில் ஒரு கட்சி கூட்டை விட்டு விலகியது, இன்னொரு கட்சியிலிருந்து சிலர் வெளியேறினார்கள், ஆட்சி கவிழ்ந்தது. ஒரே பார்லிமெண்டின் காலத்தில் மகாதீர், முகிதீன், இஸ்மாயில் சப்ரி என்று மூன்று பிரதம மந்திரிகள். நாம் போட்டது ஒரே ஓட்டு; வந்தது மூன்று சர்க்கார்.

அந்த அனுபவத்தில் பிறந்தவை இரண்டு. ஒன்று, 2022 அக்டோபர் 5-ல் அமலுக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். கட்சிச் சின்னத்தில் ஜெயித்தவர் அந்தக் கட்சியை விட்டு விலகினால் ஸ்தானத்தை இழக்க வேண்டும். இது நல்ல சட்டம். ஆனால் ஓட்டை இல்லாத கூரை அல்ல. கட்சியே ஒருவரை நீக்கிவிட்டால் அவர் ஸ்தானம் போகாது. ஒரு கட்சி முழுவதுமாக ஒரு கூட்டணியை விட்டு இன்னொரு கூட்டணிக்குப் போனாலும் இந்தச் சட்டம் தொடாது. ஒரு ஆள் ஓடினால் பிடிக்கும். கூட்டமாக ஓடினால் வழிவிடும்.

இரண்டாவது, எழுதப்பட்ட கூட்டணி ஒப்பந்தம். 2022 டிசம்பர் 16-ல் அரசாங்கத்தில் சேர்ந்த கூட்டணிகள் கையெழுத்திட்டு ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டன. நம்பிக்கை ஓட்டெடுப்பிலும் வரவு செலவுத் திட்டத்திலும் பிரதம மந்திரியை ஆதரிக்க வேண்டும் என்பது அதன் முதுகெலும்பு. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 19-ல், பார்லிமெண்டின் முதல் கூட்டத்திலேயே நம்பிக்கைப் பிரேரணை நிறைவேறியது.

கூட்டு ஒப்பந்தம் என்றால் என்ன என்பதை நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நாளுக்கு எவ்வளவு, கிலோவுக்கு எவ்வளவு, மழை நாளில் என்ன, பிரசவ லீவு எத்தனை நாள் என்று வரி வரியாக எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்கிறோம். துரை நல்லவர், வாய்ச் சொல்லே போதும் என்று நாம் விட்டதில்லை. துரை மாறிப் போவார், தாள்தான் நிற்கும் என்பது நம் முன்னோர் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். அரசியல்வாதிகளும் அதே பாடத்தைப் பட்டுத்தான் கற்றார்கள். அதனால்தான் 2022-ல் தாளை எடுத்தார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் சபா, சரவாக் மாநிலங்களின் 1963 மலேசியா உடன்படிக்கை உரிமைகளுக்கும் இடம் கிடைத்தது. சரவாக்கைச் சேர்ந்த ஃபடில்லா யூசோப் துணைப் பிரதம மந்திரி ஆனார். போர்னியோ மண்ணிலிருந்து ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. இதைக் கண்டு நமக்குப் பொறாமை இல்லை. அவர்கள் 23 பேர், ஒரே வார்த்தையாக நின்றார்கள். எங்களுக்கு வேண்டியது இன்னது என்று தேர்தலுக்கு முன்பே நாடறியச் சொல்லி வைத்திருந்தார்கள். அவர்கள் வரி தாளில் ஏறியது. அந்தத் தாளில் தோட்டத் தொழிலாளிக்கு என்று எழுத, நம் தரப்பில் எழுதிக் கொடுத்த வரி எது?

சிதறிய ஓட்டு

ஒரு காலத்தில் தோட்டம் என்பது ஓர் ஊர். ஒரே லயம், ஒரே கோயில், ஒரே தமிழ்ப் பள்ளிக்கூடம், ஒரே கள்ளுக்கடை. தேர்தல் அன்று ஒரே லாரியில் ஏறிப் போய் ஒரே பெட்டியில் ஓட்டுப் போட்டுத் திரும்பினோம். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. பிறகு பால்மரம் விழுந்து செம்பனை எழுந்தது. செம்பனை விழுந்து வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. நம் பிள்ளைகள் தாமான்களிலும் அடுக்கு வீடுகளிலும் குடியேறினார்கள். இன்று இந்திய ஓட்டர்கள் பெரும்பான்மையாக உள்ள பார்லிமெண்டுத் தொகுதி நாட்டில் ஒன்றுகூட இல்லை.

அதே சமயம், இன்று நமக்குப் பக்கத்து நிறையில் வேலை செய்கிறவர் யார்? இந்தோனேசியத் தோழர், வங்காள தேசத்துத் தோழர், நேபாளத் தோழர். அவர்கள் சங்கத்தில் சேரலாம். ஓட்டுப் போட முடியாது. ஓட்டு இல்லாத கையைத் தேடி அரசியல்வாதி வருவதில்லை. ஓட்டு இல்லாத கை மலிவு என்பது முதலாளிக்கும் தெரியும். ஆகவே தோட்டத்தில் ஓட்டுள்ள நம் ஒவ்வொருவரின் கையிலும், ஓட்டில்லாத பக்கத்து ஆளின் பாரமும் இருக்கிறது. அவர் கூலி இறங்கினால் நம் கூலி ஏறாது. இதை மறந்து அவரைப் பகைப்பவன் தன் நிறையைத் தானே வெட்டிக்கொள்கிறான்.

நம் ஓட்டு சிதறியது உண்மை. ஆனால் சிதறிய ஓட்டு செத்த ஓட்டு அல்ல. மூன்று அணிகள் மோதும் தொகுதியில் சில நூறு ஓட்டுகூட ஜெயிப்பைத் தோல்வியாக்கும். நம் குறை எண்ணிக்கையில் இல்லை. ஓட்டு சிதறியதோடு கோரிக்கையும் சிதறிப் போனதுதான் குறை. ஒரு தொகுதியில் வீடு கேட்கிறோம். அடுத்த தொகுதியில் கோயிலுக்கு நிலம் கேட்கிறோம். அதற்கடுத்த தொகுதியில் எதுவுமே கேட்காமல் அரிசி மூட்டை வாங்கிக்கொண்டு திரும்புகிறோம்.

2008 மார்ச் 8 தேர்தலில், 1969-க்குப் பிறகு முதல் தடவையாக ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பங்கு பலத்தை இழந்தது. "இவர்கள் ஓட்டு நம் பைக்குள்" என்று எண்ணியிருந்தவர்களுக்கு நம் மக்களும் அன்று பதில் சொன்னார்கள். கோபத்தைக் காட்ட நமக்குத் தெரியும் என்பது நிரூபணம் ஆயிற்று. கோபம் ஒரு நாளில் தீர்ந்துவிடும். கோரிக்கைதான் மறு நாளும் உயிரோடு இருக்கும்.

சம்பளம் சொல்லும் பாடம்

நாம் சொல்வது வெறும் பேச்சல்ல என்பதற்குக் குறைந்தபட்சச் சம்பளத்தின் கதையே சாட்சி. 2011-ல் தேசிய சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் வந்தது. 2013 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி, சபா சரவாக்கில் 800 வெள்ளி என்று முதல் உத்தரவு அமலாயிற்று. பாரிசான் ஆட்சியில் தொடங்கியது; பக்காத்தான் ஆட்சியில் ஏறியது; இஸ்மாயில் சப்ரி ஆட்சியில் 2022 மே 1 முதல் 1,500 வெள்ளியானது; ஐக்கிய அரசாங்கத்தின் கீழ் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளியானது. ஆகவே இது எந்த ஒரு கட்சியும் நமக்கு இட்ட பிச்சை அல்ல. எந்த ஆட்சி வந்தாலும் தொழிற்சங்கங்கள் ஓயாமல் கேட்டதன் பலன்.

இந்தக் கதையில் இரண்டு இடங்களைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

முதலாவது, 2018. பக்காத்தான் ஆட்சிக்கு வந்து நான்கே மாதத்தில், அடுத்த ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,050 வெள்ளி என்று அறிவித்தார்கள். தீபகற்பத்துத் தொழிலாளிக்கு ஏற்றம் வெறும் 50 வெள்ளி. நாம் ஓட்டுப் போட்ட சர்க்கார்தானே, பொறுத்துப் போவோம் என்று தொழிற்சங்கங்கள் இருந்துவிடவில்லை. பார்லிமெண்டு வாசலில் கூடிக் கேட்டார்கள். நவம்பரில் வரவு செலவுத் திட்டம் வந்தபோது அது 1,100 ஆயிற்று. அந்த இன்னொரு 50 வெள்ளி, தேர்தல் முடிந்த பிறகு கேட்டு வாங்கிய 50 வெள்ளி. அழுத பிள்ளைக்குத்தான் பால்.

இரண்டாவது, 2020 பிப்ரவரி 1. அன்று முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,200 வெள்ளி. ஆனால் மாநகராட்சி, நகராண்மைக் கழகப் பகுதிகளுக்கு மட்டும். அந்த எல்லைக்கு வெளியே 1,100-தான். எல்லைக்கு வெளியே இருப்பது எது? நம் தோட்டங்கள்! பட்டணத்தில் அரிசி விற்கிற விலைக்குக் குறைத்தா தோட்டத்துக் கடையில் விற்கிறார்கள்? "தோட்டத் தொழிலாளி" என்று ஒரு வார்த்தைகூட எழுதாமலே, ஓர் எல்லைக் கோட்டினால் நம்மை நூறு வெள்ளி கீழே நிறுத்தினார்கள். தாளில் ஒரு வரி இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

ஓட்டுக்குக் கூலி எது?

கூலி பேசாமல் எந்தத் தொழிலாளியும் வேலைக்கு இறங்குவதில்லை. ஆனால் கோரிக்கை பேசாமலே தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுப் போட்டு வருகிறோம். ஓட்டுக்குக் கூலி என்று நாம் சொல்வது அரிசி மூட்டையை அல்ல; பிரியாணிப் பொட்டலத்தை அல்ல; தேர்தலுக்கு முந்திய இரவு கையில் திணிக்கிற ஐம்பது வெள்ளியை அல்ல. அவை ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். அவற்றை வாங்கிய கை ஐந்து வருஷம் வாய் திறக்க முடியாது. நாம் கேட்கும் கூலி எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி. எல்லாருக்கும் பொதுவான, வெளிச்சத்தில் படிக்கக்கூடிய வாக்குறுதி.

"சங்கத்துக்கு அரசியல் எதற்கு?" என்று கேட்கிற தோழர்கள் நம்மில் உண்டு. எந்தக் கட்சிக்கும் சங்கம் வாலாகக் கூடாது என்பதே அவர்கள் கருத்தானால், அதுவே நம் கருத்தும். இந்தத் தலையங்கத்தில் எந்தச் சின்னத்துக்கும் நாம் ஓட்டுக் கேட்கவில்லை. ஆனால் சம்பள உத்தரவு எழுதப்படுவது எங்கே? லயத்தின் சுவரும் கழிவறையும் எப்படி இருக்க வேண்டும் என்ற 1990-ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியது எங்கே? பார்லிமெண்டில். அங்கே எழுதுகிறதை இங்கே நாம் அனுபவிக்கிறோம். அரசியல் வேண்டாம் என்று நாம் ஒதுங்கினாலும் அரசியல் நம்மை விட்டு ஒதுங்காது.

"எழுதிக் கொடுத்தால் மட்டும் செய்துவிடுவார்களா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. சங்கத்தின் கூட்டு ஒப்பந்தத்தை முதலாளி மீறினால் தொழில் நீதிமன்றம் உண்டு. அபேட்சகர் வாக்குறுதியை மீறினால் எந்த நீதிமன்றமும் இல்லை. உண்மையே. ஆனால் எழுதாத வாக்குறுதியை மீறினால், மீறினார் என்று சொல்லக்கூட நம்மிடம் சாட்சி இல்லை. எழுதின தாள் இருந்தால், அடுத்த தேர்தலில் அதே ஆள் அதே வாசலில் வந்து நிற்கும்போது, விரித்துக் காட்டிக் கேட்கலாம். முன்பு சாதாரணத் தொழிலாளிதான் கூட்டு ஒப்பந்தத்தை மனப்பாடமாக வைத்திருந்து, கிராணி கணக்கில் இரண்டு காசு குறைந்தால் விரல் வைத்துக் காட்டினான். அதே விரல்தான் ஓட்டுப் போடுகிற விரல்.

செய்ய வேண்டியவை

15-ஆவது பார்லிமெண்டு முதலில் கூடியது 2022 டிசம்பர் 19-ல். அரசியல் சட்டப்படி அதற்கு ஆயுள் ஐந்து வருஷம். முன்னதாகக் கலைக்காவிட்டால் 2027 டிசம்பரில் தானாகவே கலையும். பிறகு 60 நாளுக்குள் தேர்தல். அதற்கு முன்னால் கிளைகள் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு.

ஒன்று: ஓட்டர் பட்டியலைப் பாருங்கள். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பிய பிரஜை ஒவ்வொருவரும் பாரம் எழுதிப் போடாமலே ஓட்டராகிவிடுகிறார். இது பெரிய காரியம். பதிவு செய்யத் தெரியாமல் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் முன்பு விடுபட்டுப் போனார்கள். ஆனால் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடி போனவர்கள் அடையாளக் கார்டில் விலாசத்தை மாற்றாவிட்டால், ஓட்டு பழைய தோட்டத்தில் கிடக்கும். ஆள் ஐம்பது மைல் தள்ளி இருப்பார். இன்றே பார்த்துச் சரி செய்யுங்கள்.

இரண்டு: ஓட்டுப் போட நேரம் உங்கள் உரிமை. ஓட்டுப் போட நியாயமான அவகாசம் தர வேண்டும், அதற்காகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்று 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம் முதலாளிக்குக் கட்டளையிடுகிறது. நிறையை முடித்துவிட்டுப் போ என்று யாராவது சொன்னால் கிளைச் செயலாளரிடம் உடனே சொல்லுங்கள்.

மூன்று: கிளைக் கூட்டம் போட்டுக் கோரிக்கைகளை எழுதுங்கள். பத்துப் பதினைந்து வேண்டாம். மூன்று போதும். தோட்டத்தில் உழைத்து ஓய்கிறவர் லயத்தை விட்டு இறங்கும் நாளில் குடிபோகச் சொந்த வீடு. பட்டணத்துக்கும் தோட்டத்துக்கும் பேதம் வைக்காத, வெளிநாட்டுத் தோழருக்கும் சேர்த்த சம்பளம். இந்த மண்ணில் பிறந்தும் பிறப்புப் பத்திரமும் நீல அடையாளக் கார்டும் இல்லாமல் தவிக்கும் பிள்ளைகளுக்குப் பிரஜா உரிமைக்கு வழி. இந்த மூன்றையும் எந்தத் தொகுதியில் இருந்தாலும் ஒரே வாசகமாகக் கேட்போம். ஓட்டு சிதறிக் கிடந்தாலும் வாசகம் ஒன்றாக இருக்கட்டும்.

நான்கு: எந்தக் கட்சி அபேட்சகர் வந்தாலும் மரியாதையாக உட்கார வைத்து, தாளை நீட்டிக் கையெழுத்துக் கேளுங்கள். அதோடு ஒரு கேள்வியும் கேளுங்கள்: "ஐயா, உங்கள் அணிக்குப் பெரும்பான்மை கிடைக்காமல் நீங்கள் வேறு அணியோடு கூட்டுச் சேர நேர்ந்தால், இந்த மூன்றில் எதையும் விட்டுக் கொடுப்பீர்களா?" 2022-க்குப் பிறகு கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான். கூட்டுச் சேரும்போது எவரும் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுவார் என்பதை ஓட்டுக்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது நம் உரிமை.

ஐந்து: தாளைக் கிளையின் பெட்டியில் வையுங்கள். வருஷாந்தரப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்குப் படிப்பது போல அதையும் படியுங்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எழுதி அந்த அங்கத்தினருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்புங்கள்.

தோழர்களே, தாய்மார்களே! கூட்டணி ஆட்சி இந்நாட்டுக்குப் புதிதல்ல. இனியும் அது நீடிக்கும். இன்று பகைவர் நாளை கூட்டாளியாவார். இன்று கூட்டாளி நாளை பகைவராவார். அதில் நாம் மனம் வெதும்ப வேண்டாம், மயங்கவும் வேண்டாம். யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று பேசிப் பொழுதைக் கழிப்பதை விட்டு, சேர்ந்தபோது என்ன எழுதினார்கள் என்று கேட்போம். அடுத்த தடவையும் ஐந்து நாள் பேரம் நடக்கலாம். ஐம்பது நாளும் நடக்கலாம். அந்த அறைக்குள் நாம் போக முடியாது. நம் தாள் போக முடியும். அதை எழுதுகிற வேலை தேர்தல் மேடையில் அல்ல, இந்த மாதத்துக் கிளைக் கூட்டத்தில் தொடங்குகிறது.